ஏழு சிவப்புக் குச்சிகள்

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நம் வயதுக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். சுவரில் எரிகிற டோக்கன் எண் தெரியாது. மீதிப் பேருக்கு நர்ஸ் கூப்பிடுகிற எண் காதில் விழாது. ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்து "எத்தினி? எத்தினி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா, ஐம்பது வருஷமாக உங்களுக்கெல்லாம் இடம் பிடித்து வைத்துக்கொண்டு நான் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது.

நான் எப்போதும் சுவரைத்தான் பார்ப்பேன். அன்று அதில் நாற்பது என்று வந்தது. நாற்பதாம் எண்காரர் ஏற்கெனவே உள்ளே போய் வந்தவர். மறுபடி எழுந்து போனார், திருப்பி அனுப்பினார்கள், கோபத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் மேசையிலிருந்த பெண்ணிடம் போய், "அது நாற்பது இல்லைம்மா, நாற்பத்தெட்டு. எட்டில் நடுக் குச்சி எரியவில்லை. அதற்குப் போகிற கம்பி விட்டிருக்கும்" என்றேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பதில் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். விடிந்ததும் ஒரு வீட்டில் தறிப் பலகை தட்ட ஆரம்பிக்கும். கால் மணி நேரத்தில் தெரு முழுக்கத் தட்டும். அந்தச் சத்தத்தில் ஒன்று கத்த வேண்டும், அல்லது கையால் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் கைதான். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் தண்ணீர். இரண்டு விரலைத் தேய்த்தால் ஜரிகை. கையை மூடிக் காட்டினால் பத்து. மிச்சத்தை விரல்கள் சொல்லும். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே அடுப்படியிலிருக்கிற அம்மாவோடு ஒரு முழுச் சண்டையையும் கையாலேயே போட்டு முடிப்பார். சமாதானத்துக்கு மட்டும் வாய் தேவைப்படும்.

என் காது போனது இந்த இரைச்சலுக்கு நடுவில்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பாலாற்றில் தண்ணீர் வந்தது. செவிலிமேட்டுப் பக்கம் போய் நாங்கள் பிள்ளைகளெல்லாம் குதித்துக் குளித்தோம். வந்ததும் எனக்குக் காய்ச்சல். இரண்டு காதிலும் சீழ். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா மாதக்கணக்கில் விட்டாள். ஒரு வழியாகச் சீழ் நின்றது. கூடவே மற்றதும் நின்றுபோனது.

ஆனால் அது எனக்கே தெரியாது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரே நாளில் போயிருந்தால் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால், எல்லாரும் மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் எதிரில் மட்டும் ஏன் இப்படிக் கிசுகிசுக்கிறார்கள், நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்ப்பேன். கூட்டாளிகள் சேர்ந்து சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிவிடுவேன். நானாகவே ஒதுங்கிக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் வீட்டில் எல்லாரும் செவிடர்கள் மாதிரிதான் பேசிக்கொண்டோம். கையைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், உதட்டைப் பார்த்துக் கடைக்குப் போனேன். எந்தக் குறையும் இல்லை.

அகப்பட்டுக்கொண்டது இரண்டு இடத்தில். ஒன்று பள்ளிக்கூடம். எங்கள் கணக்கு சாருக்கு ஒரு பழக்கம். வாய்க்கணக்கு சொல்லும்போது பெஞ்சுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்வார், யாரும் யாரையும் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக. நான் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருப்பேன். முதலில் திமிர் என்றார். பிறகு கவனம் வேறெங்கோ இருக்கிறது என்றார். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, "இதுக்குப் படிப்பு ஏறலப்பா" என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில் என்னை நிறுத்திவைத்தார்கள். பள்ளி திறக்கும் முன்பு ஜூன் மாதத்தில் ஒரு மறுபரீட்சை, அவ்வளவுதான் மிச்சம்.

"பாஸ் பண்ணா போகட்டும். இல்லாங்காட்டி நம்ம தறியில கோர்வைக்கு உக்காரட்டும்" என்று அப்பா சொன்னார். கோர்வை என்றால் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து இணைப்பது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நூலோடுகிற நாடாக் கட்டையைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்தப் பலகையில் உட்கார்ந்த பெண் பிள்ளைகள் கல்யாணத்துக்குத்தான் எழுந்திருப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். காது கேட்காவிட்டாலும் கரும்பலகை தெரியுமே. கரும்பலகையில் எழுதிய எதையும் நான் தவறவிட்டதில்லை.

இரண்டாவது இடம் அமாவாசை. நெசவுக்காரர்கள் அன்று தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே ஓய்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது விடுமுறை, சினிமா, எண்ணெய்க் குளியல். எனக்கோ அமாவாசை என்றாலே ஆகாது. அன்று எல்லாரும் கையைக் கீழே போட்டுவிடுவார்கள். சுகமாக, மெதுவாக, வாயை லேசாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன். கேட்டதற்கு ஏதோ ஒரு பதில் சொல்வேன். அதனால் பேசாமல் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். மறுநாள் தறிச் சத்தம் ஆரம்பித்ததும் பழையபடி ஆகிவிடுவேன்.

இதைப் பார்த்துவிட்டு என் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு கணக்குப் போட்டாள். "அமாவாசைக்கு அமாவாசை பொண்ணுக்கு ஒரு மாதிரி ஆயிடுது. கூப்புட்டா திரும்பல. கண்ணு எங்கியோ நிக்குது. ஆத்துல குளிக்கச் சொல்லோ ஏதோ புடிச்சிக்கினு இருக்குது" என்றாள். தெருவே ஒப்புக்கொண்டது. தர்காவில் ஓதுகிற பெரியவரிடம் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். அவர் பாவம், என் தலையில் மயிலிறகால் தடவி, செப்புத் தாயத்து ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டார். அவர் ஓதியதும் என் காதில் விழவில்லை.

அந்தக் கோடையில்தான் அண்ணன் வந்தான். பெரியப்பா மகன். மெட்ராஸில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். ஓரிக்கையில் அவர்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. எங்கள் வீட்டில் முன்னறையில் ஒரு பிளக் இருந்தது. அதற்காக விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் தங்கினான். கல்லூரியில் ஏதாவது ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இவன் எண் காட்டுகிற பெட்டி செய்யப்போவதாகச் சொன்னான். ரேடியோவில் இருப்பது போன்ற திருகைத் திருப்பினால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எந்த எண் வேண்டுமோ அது எரிய வேண்டும். மெட்ராஸில் பழைய ரேடியோ சாமான் விற்கிற தெருவில் அலைந்து, ஒரே ஒரு எண் விளக்கை வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு அது. உற்றுப் பார்த்தால் உள்ளே எட்டு என்ற எண் மங்கலாகத் தெரியும். ஏழு குச்சிகளால் அடுக்கிய எட்டு. மேலே ஒன்று, வலப்பக்கம் இரண்டு, அடியில் ஒன்று, இடப்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று. ஏழும் எரிந்தால் எட்டு. நடுக் குச்சியை அணைத்தால் பூஜ்யம். வலப்பக்கம் இரண்டும் மட்டும் எரிந்தால் ஒன்று. முதுகில் மேல் வரிசையில் ஐந்து கால், கீழ் வரிசையில் ஐந்து கால். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கால். ஒன்று ஓரத்துப் புள்ளிக்கு. இரண்டு வரிசையிலும் நடுவில் இருக்கிற கால் எல்லாருக்கும் பொது.

இதையெல்லாம் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம். உதடு அசையாது. ஒரு சொல் பிடிபடாது. நான் அவனுடைய நோட்டில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஆயுளில் முதல் தடவையாக ஒரு விஷயம் முழுக்க முழுக்கக் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. கேட்க வேண்டியது எதுவுமில்லை.

முதல் நாளே அவனுக்குத் தோல்வி. பேட்டரியின் மைனஸைப் பொதுக் காலில் கட்டினான். பிளஸ் கம்பியால் மற்றக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒன்றும் எரியவில்லை. மறுபடி தொட்டான். முகம் கறுத்துப்போயிற்று. கம்பியைத் துப்பிவிட்டுச் சொன்னதால் இது மட்டும் புரிந்தது: "செத்துப் போனதைத் தலையில கட்டிட்டான்மா அந்தக் கடைக்கார ஆளு." அதை ஜன்னல் திண்டில் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

மத்தியானம் நான் அதை எடுத்தேன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் தறி வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று தெரியும்: ஒரு பக்கம் வரவில்லை என்றால் மறு பக்கத்திலிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டைகளை ஒட்டவைத்து, அண்ணன் வைத்திருந்த வரி போட்ட சின்ன ரெசிஸ்டர் ஒன்றையும் அவன் பிடித்த மாதிரியே சேர்த்துப் பிடித்து, பிளஸைப் பொதுக் காலிலும் மைனஸை அதன் பக்கத்துக் காலிலும் வைத்தேன். அடிக் குச்சி எரிந்தது.

எவ்வளவு சின்ன வெளிச்சம் அது, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாதுளை முத்து அளவுகூட இல்லை. ஆனால் அப்படியொரு சிவப்பை நான் பட்டில்கூடப் பார்த்ததில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. அப்பா தறியில். அம்மா அடுப்படியில். கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தியும் இல்லை. முன்னறைத் தரையில் நானும் அந்தக் குச்சியுமாக விரல் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தோம். அது செத்துப் போகவில்லை. தப்பான பக்கத்திலிருந்து கட்டிவிட்டுச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று அப்போது தெரியாது.

அண்ணன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "பொதுக் காலு பிளஸ்ஸா! அந்த ஆளு ரெண்டு தினுசு இருக்குதுன்னு சொன்னான், நான்தான் காதுல போட்டுக்கல" என்றான். அன்றிலிருந்து ஈயம் வைக்கிற வேலை என்னுடையதாகிவிட்டது. அறுந்த பட்டு இழையைச் சாம்பல் தொட்டு முடிச்சில்லாமல் முறுக்கிய விரல்கள். கம்பி எம்மாத்திரம்? பிசின் உருகிப் புகைந்தால் சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு வாசனை எழும்பும். அம்மா எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள்.

திருகில் பத்து இடம், பத்து எண்ணுக்கு. விளக்கில் ஏழு குச்சி. எந்த எண்ணுக்கு எந்தக் குச்சி என்று நோட்டில் அவன் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான். நான் அப்பா புட்டா வரைகிற கட்டம் போட்ட தாளை எடுத்து வந்து, குறுக்கே பத்து வரிசை, நெடுக்கே ஏழு வரிசை போட்டு, எரிய வேண்டிய கட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினேன். எங்கள் வீட்டில் மயிலும் மாங்காயும் அப்படித்தான் பிறக்கும். மொத்தம் நாற்பத்தொன்பது சிவப்புக் கட்டம். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒவ்வொரு சிவப்புக் கட்டத்திலும் ஒரு டயோடு வைக்க வேண்டும் என்றான். டயோடு என்பது கரண்டுக்கு ஒரு வழிப் பாதை. அது இல்லாமல் வெறும் கம்பியால் கட்டினால் ஒரு எண்ணுக்குப் போகிற கரண்ட் பக்கத்து எண்ணின் கம்பிக்குள் புகுந்து சுற்றி வந்து எல்லாக் குச்சியையும் எரித்துவிடும். நாற்பத்தொன்பதையும் நான்தான் வைத்தேன், நான்கு நாள் எடுத்தது.

நடுவில் ஒரு கூத்து. ஏழு குச்சிக்கும் சேர்த்துப் பொதுக் காலில், கரண்டை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் ஒன்றே ஒன்று போதும் என்று அண்ணன் சிக்கனம் பிடித்தான். ஒன்று என்ற எண் பளிச்சென்று எரிந்தது. எட்டு சோகை பிடித்த மாதிரி எரிந்தது. ஒரே பானைச் சோற்றை இரண்டு பேர் தின்பதும் ஏழு பேர் தின்பதும் ஒன்றாகுமா? அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு குச்சிக்கும் தனித்தனியாக ஒன்று போட்டதும் எல்லாம் சமமாக எரிந்தன.

வைகாசி அமாவாசையன்று பெட்டி முடிந்தது. தெரு ஓய்ந்திருந்தது. நான் பெட்டிக்குப் பின்னால் திருகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் முன்னால் உட்கார்ந்து, ரெக்கார்ட் நோட்டில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே எண்களைச் சொன்னான். வாய் அசைவது தெரிந்தது. என்ன எண் என்று தெரியவில்லை. நான் உத்தேசமாகத் திருப்பினேன். அவன் நிமிர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். மறுபடி சொன்னான். மறுபடி திருப்பினேன்.

கம்பி மாறியிருக்கிறது என்று முடிவு செய்தான். பெட்டியைப் பிரித்தான். நாற்பத்தொன்பது டயோடையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் சரி. அவனே திருப்பினான், சொன்ன எண் வந்தது. என்னிடம் கொடுத்தான், தப்பாக வந்தது. மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மூட்டினான். மூன்றாவது தடவை பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். நோட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டான். அவன் கண் மட்டும் தெரிந்தது. நான் ஏதோ ஒன்றைத் திருப்பினேன். நோட்டை இறக்கிவிட்டுச் சொன்னான். "ஏழு." ஏழை வைத்தேன். மறைத்தான், தப்பு. இறக்கினான், சரி.

பிறகு எனக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னான். "பெட்டில ஒன்னும் கோளாறு இல்ல. உனக்குக் காது கேக்கலம்மா."

நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்படியானால் ஒன்றரை வருஷமாக யாரும் என்னைப் பற்றிக் கிசுகிசுக்கவில்லை. யாருக்கும் என் மேல் கோபமில்லை. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

அன்று சாயங்காலம் அத்தையும் வந்திருந்தாள். சாப்பிடும்போது அண்ணன் விஷயத்தைச் சொன்னான். நான் நாலு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "தெரியும்டா தம்பி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சித்தி தாயத்து கட்டிக்கினு இருக்கீங்க?"

"ஆமா. அமாவாசைன்னு ஊரு சொல்லுது, சொல்லட்டும். நாளைக்கு தாயத்து கட்டி சரியா போச்சுன்னு நான் சொல்லிக்குவேன். காது போச்சுன்னு சொன்னா அப்பறம் இன்னாத்தைச் சொல்றது? மக்குப் பொண்ண எவனாச்சும் கட்டிக்குவான். செவிட்டுப் பொண்ண எவன் கட்டுவான்? தறிச் சத்தத்துல உக்காந்துக்கினா யாருக்கும் தெரியப் போறதில்ல."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சித்தப்பா, நீங்களாச்சும் சாரு கிட்ட சொல்லுங்க" என்றான் அண்ணன். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவருக்கு மனசில்லை என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் ரொம்ப நாள் இருந்தது.

அண்ணன் மெட்ராஸ் போவதற்கு முன்னால் பெட்டியை என் கையில் கொடுத்தான். "ஜூலைலதான் எனக்கு வேணும். பரீட்சைக்கு எடுத்துக்கினு போ. வாயால கேட்டா இத்த நீட்டு. கணக்கு சாரு மனுசன்தானே" என்றான்.

பரீட்சையன்று அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து அழைத்துப்போனார். பெட்டி துணிப்பையில் இருந்தது, அவருக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. ஒரே ஒரு வகுப்பில் ஒரே ஒரு பெஞ்சில் நான். சார் இருபது வாய்க்கணக்கு என்று கரும்பலகையில் எழுதினார். பத்துக்குச் சரியாகச் சொன்னால் தேர்ச்சி என்றும் எழுதினார். அப்பா வெளியே தாழ்வாரத்தில், எனக்கு நேர் எதிரே இருந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். சார் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, வழக்கம் போல என் முதுகுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

நான் பையைத் திறக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தேன். ஜன்னலில் அப்பாவின் கை.

மூடிய கை ஒரு தடவை, பிறகு ஏழு விரல். மூடிய கை இரண்டு தடவை, பிறகு ஆறு விரல். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினார். பதினேழும் இருபத்தாறும் கூட்டினால். சார் சொல்லச் சொல்ல, அப்பா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சாரின் கண் புத்தகத்தில் இருந்தது. அப்பாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. சொல்லு, சொல்லு என்று அவர் தாடை ஆடியது.

நாற்பத்து மூன்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே இருபதையும் சொல்லியிருப்பேன், பாஸாகியிருப்பேன். காது கேட்கிற பெண்ணாகவே ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்து? தினமும் அந்த ஜன்னலில் யார் வந்து நிற்பது? மறுபடி ஒரு வருஷம் திமிர் என்பார்கள், மக்கு என்பார்கள், மறுபடி அமாவாசை. பதின்மூன்று வயதில் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இனிமேல் முடியாது என்று மட்டும் தோன்றியது. அப்பாவின் கையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது, அந்தக் கை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

பெட்டியை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தேன். எழுந்து, பின்பக்கம் திரும்பி, சாரைப் பார்த்துச் சொன்னேன். "சார், எனக்குக் காது கேக்காது. நம்பரை இதுல வைங்க சார்." எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்தன.

சார் புத்தகத்தை மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார். அதெல்லாம் நல்லா கேக்கும் சார். பயத்துல ஒளறுது" என்றார். அவர் உதட்டில் அதைப் படித்தேன். சார் என் எதிரில் வந்து உட்கார்ந்து திருகைப் பிடித்தார். ஏழு எரிந்தது. தாளில் பெருக்கல் குறி போட்டார். எட்டு எரிந்தது. "ஐம்பத்தாறு" என்றேன். மறுபடி திருப்பினார். இருபது கணக்கும் முடிந்த பிறகும் அவர் விடவில்லை. முப்பது, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டே இருந்தது. நான் ஒன்றுகூடத் தப்பவில்லை. எரிகிறதா என்று பார்க்கத்தான் திருப்புகிறாரோ என்றுகூட ஒரு கட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

அப்பா உள்ளே வந்தார். என்னைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. சாரிடம் ஏதோ சொன்னார். சார் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். அன்றிலிருந்து செவிடு என்பது எங்கள் வீட்டில் பேசக்கூடாத சொல்லாக ஆகிவிட்டது. அம்மா எட்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டதே!

ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சு கிடைத்தது. சார் அதற்குப் பிறகு கரும்பலகைக்கு முன்னால் நின்றேதான் கணக்குச் சொன்னார். படித்தேன். அண்ணன் படித்த பாலிடெக்னிக்கிலேயே படித்தேன். எடை மெஷின் செய்கிற கம்பெனியில் எண் விளக்குகளைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் மெட்ராஸில் காது டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு எழுதிக் காட்டினார்: சீழ் பிடித்து ஜவ்வு இரண்டும் ஓட்டையாகிவிட்டன, உள் எலும்பும் கரைந்துவிட்டது, ஆற்றுத் தண்ணீரில் வந்த காய்ச்சல்தான் காரணம். வீட்டுக்கு வந்து இதை யாரிடமும் சொல்லவில்லை. பேசக்கூடாத விஷயத்தை நான் ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்ற வீம்பு.

அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குக் கணக்கு சார் வந்திருந்தார். தள்ளாத வயது. எனக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அன்னைக்கு உங்கப்பா என் கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமாம்மா? 'என் தறிச் சத்தம்தான் சார் கொழந்த காத தின்னுடுச்சி. தொட்டிலக் கூட தறிக்குப் பக்கத்துலதான் கட்டியிருந்தேன். இத்த எப்படி சார் வெளிய சொல்றது?'ன்னு அழுதாரு. உன் கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு அப்பா பதினான்கு வருஷம் உயிரோடு இருந்தார். தறியில்தான் இருந்தார். அவருக்கு எதிரில் உட்கார்ந்து நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அது உங்கள் தறி இல்லை அப்பா, ஆற்றுத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.